குதிரை போன வாசல்

"எனக்கு ஒண்ணும் வேர்க்கல. இந்த ஃபேன்தான் அனல அள்ளிக் கொட்டுது," என்றார் சீல்காரர்.

யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் பெண்டாட்டியும் மச்சினனும் டிவியில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மச்சினன் பஸ் கண்டக்டர். அன்று அவனுக்கு லீவு. சிரித்த சிரிப்பில் சோறு புரையேறி அவன் இரும, அக்காக்காரி அவன் தலையில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தாள். நல்ல மத்தியானம். சீல்காரர் தட்டில் பிசைந்த சோறு பிசைந்தபடியே இருந்தது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு மூக்கு வழியாக இறங்கித் தட்டிலேயே விழுந்தது.

"மாமா, உங்க ஆளப் பாருங்க! எப்படிப் பல்லக் காட்டுறான் பாருங்க!" என்றான் மச்சினன்.

அது பழைய சிரிப்புப் படம். வெள்ளை ஷூவும் கறுப்புக் குடையுமாக ஒருவன் வருவான். ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரையும் ஏமாற்றுவான். ஏமாந்தவர்களே அவனை வாசல்வரை வந்து வழியனுப்பி வைப்பார்கள். மழை கொட்டினாலும் அந்தக் குடையை விரிக்கமாட்டான். கடைசியில் விரிக்கும்போது பார்த்தால் துணியே இருக்காது, வெறும் கம்பி. சீல்காரருக்குக் கல்யாணமான வருடம் வந்த படம். புதுப் பெண்டாட்டியோடு அவர் போன முதல் படமும் அதுதான். அப்புறம் இருபத்தொன்பது வருடமாக அதை முழுசாக ஒரு தடவைகூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. ஆனால் அதில் வரும் பேச்செல்லாம் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது புளுகினால், "குடைய விரி பாப்போம்" என்பாள் அவர் மனைவி. இன்றைக்கு டிவியில் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் சீல்காரர் கடையைப் பன்னிரண்டரைக்கே சாத்திவிட்டு ஓடி வந்திருந்தார்.

ஓடி வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகத்தில் எத்தனையோ படம் எடுத்திருக்கிறார்கள். போலீஸ்காரன், டாக்டர், வக்கீல், திருடன் எல்லாருக்கும் படம் இருக்கிறது. ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவனைக் காட்டிய படம் இது ஒன்றுதான். அதுவும் மூன்றே நிமிஷம்.

சீல்காரர் ஐந்தாவதோடு படிப்பை விட்டவர். நேராக எழுதச் சொன்னால் கை நடுங்கும், ஒற்று எங்கே வரும் எங்கே வராது என்று தலையைச் சொறிவார். இடம் வலமாகத் திருப்பி எழுதச் சொல்லுங்கள், முத்து முத்தாக வரும். முப்பத்து மூன்று வருடமாக ஆபீஸ் தெருவில், முதலில் முதலாளி கடையிலும் பிறகு கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கிற தன் கடையிலும் உட்கார்ந்து, ஊரிலுள்ள அத்தனை அதிகாரிகளின் பதவியையும் திருப்பித் திருப்பி எழுதியவர். நிச்சயமான புதிதில் பெண்ணுக்கு ஒரு கடிதம் போட்டாராம். அதையும் பழக்க தோஷத்தில் திருப்பியே எழுதிவிட்டார். அவள் கண்ணாடியில் காட்டிப் படித்தாளாம். "நல்ல வேளை, அன்னைக்குக் கண்ணாடி முன்னாடி நிக்கும்போது எங்கம்மா வந்தாங்க. மக தன் அழகப் பாத்துக்கிட்டு நிக்கிறான்னு நெனச்சிக்கிட்டாங்க," என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதலாளியும் அந்தப் படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுநாளே கடையில் ஓர் அட்டை எழுதி மாட்டினார்: 'லெட்டர் இல்லாமல் சீல் இல்லை.' எந்த ஆபீஸ் சீலாக இருந்தாலும் அந்த ஆபீஸிலிருந்து கையெழுத்துப் போட்ட லெட்டர் வரவேண்டும். செய்த சீலை நோட்டில் ஒரு தடவை குத்திப் பக்கத்தில் லெட்டரை ஒட்டவேண்டும். முதலாளி போய்ச் சேர்ந்த பிறகும் சீல்காரர் அந்த அட்டையைத் தன் கடைக்குக் கொண்டுவந்து தலைக்கு மேல் மாட்டிக்கொண்டார். அதோடு தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். ஒவ்வொரு சீலிலும், தாளில் குத்தினால் வெளிவட்டத்தின் இடதுபக்கக் கீழ்க்கோட்டில் விழுகிற மாதிரி, பிளேடு நுனியால் மயிரிழை அகலத்துக்கு ஒரு வெட்டு வைப்பார். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், இது என் கை.

சரி, படத்துக்கு வருவோம். குடைக்காரன் பந்தயக் குதிரை லாயத்திலிருந்து குதிரையைக் கிளப்ப வேண்டும். அதற்கு 'வெளியே அனுப்பலாம்' என்று ஒரு சீல் வேண்டும். சீல் செய்கிற கடைக்கு வருகிறான். இத்தனை வருடமாகச் சீல்காரர் மனதில் இருந்தது வேறு. கடைக்காரன் ஒரு குடிகாரன், பாட்டிலைக் காட்டி அவனை மயக்கிவிடுகிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். "நம்ம தொழில்ல குடி கூடாதுடா, அந்தப் படத்துலயே காட்டியிருக்கான்" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியும் இருக்கிறார்.

இப்போது பார்த்தால் பாட்டிலே இல்லை. மேசைமேல் இருந்தது மிட்டாய் டப்பா.

"என்ன விசேஷம்?" என்று கேட்கிறான் குடைக்காரன்.

"குழந்தை பிறந்திருக்குங்க!" என்று பல் முப்பத்திரண்டையும் காட்டுகிறான் கடைக்காரன்.

"அடடே! உங்க ஜாடையா, அம்மா ஜாடையா?"

அவ்வளவுதான். கடைக்காரன் குழந்தையின் மூக்கைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறான், காதைப் பற்றிப் பேசுகிறான், பேசிக்கொண்டே சீலைச் செய்து கையில் கொடுத்து, மிட்டாயும் கொடுத்து அனுப்புகிறான். லெட்டரா? அதை யார் கேட்டார்கள்!

இந்த இடத்தில்தான் சீல்காரருக்கு வேர்த்தது.

நான்கு நாளைக்கு முன்னால் மருமகளுக்குப் பிரசவம். பெண் குழந்தை. அன்று சாயங்காலம் சீல்காரர் கடையில் மிட்டாய் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவில் போகிற வருகிற எல்லாரையும் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். தபால்காரர் இரண்டு தடவை வாங்கினார். அப்போதுதான் கண்ணாடி போட்ட ஓர் ஒல்லி ஆள் வந்தான். ஆஸ்பத்திரித் தாய்சேய் வார்டுக்கு ஒரு சீல் வேணும், அவசரம், பழசு கெட்டுப்போச்சு, லெட்டர் நாளைக்குக் கொண்டுவந்து தர்றேன் என்றான். என்ன சீல்? 'வெளியே அனுப்பலாம்.' தாயையும் பிள்ளையையும் கேட்டைத் தாண்ட விடுகிற சீட்டில் குத்துகிற சீல்.

லெட்டர் இல்லாமல் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அந்த ஆள் டப்பாவைப் பார்த்து, "என்ன சார் விசேஷம்?" என்று கேட்டுவிட்டான்.

அதற்கப்புறம் சீல்காரர் வாயைத் திறந்ததெல்லாம் பேத்தியைப் பற்றித்தான். உங்க ஆஸ்பத்திரியேதான் சார், ரெண்டாவது மாடி, பதினாலாம் நம்பர் கட்டில், ஜன்னல் ஓரம். மருமகளோட அம்மாதான் கூட இருக்காங்க, பாவம், மத்தியானம் ஆனா அசந்து தூங்கிடுவாங்க. இப்படி ஒன்று விடாமல் ஒப்பித்தார். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? பேசிக்கொண்டே சீலும் செய்தார். கை தன்பாட்டில் வெட்டையும் வைத்தது. நோட்டில் குத்தினார். பக்கத்தில் லெட்டர் ஒட்டவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. இன்றைக்கும் காலிதான். நாளைக்கு என்று போனவன் நாலு நாளாக வரவில்லை.

டிவியில் குடைக்காரன் குதிரையைப் பிடித்துக்கொண்டு லாயத்து வாசலுக்கு வந்துவிட்டான். காவல்காரன் சீட்டை வாங்கிப் பார்க்கிறான், சீலைப் பார்க்கிறான், விறைத்து நின்று சலாம் வைக்கிறான். குதிரையின் பிடரியைத் தடவி, "பத்திரமாப் போயிட்டு வா கண்ணு" என்று கேட்டை அகலத் திறந்துவிடுகிறான்.

மச்சினன் தரையில் புரண்டான். "ஐயோ அக்கா, குதிரைக்கு டாட்டா காட்டுறான்க்கா!"

சீல்காரர் கண்ணுக்கு அங்கே குதிரை தெரியவில்லை. வெள்ளைத் துணி சுற்றிய ஒரு சின்ன மூட்டைதான் தெரிந்தது.

"நான் பாப்பாவப் பாத்துட்டு வந்துடறேன்," என்று எழுந்தார்.

"இப்பவா? நாலு மணிக்குத்தானே விடுவான்? சோத்த அப்படியே வச்சிட்டு எங்க எந்திரிக்கிறீங்க? படம் இன்னும் பாதி இருக்கு!"

"பாத்த படந்தானே."

"அடி ஆத்தி! காலையிலேருந்து படம் படம்னு குதிச்சது நானா?"

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நின்றார். பிள்ளை பெற்ற வீட்டில் சிரித்துக்கொண்டிருக்கிற பெண்பிள்ளையிடம் எதைச் சொல்வது? செருப்பைக்கூட மாற்றி மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

வழியில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்தபடி மகனுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மருமகள் போன் அணைந்திருந்தது. சம்பந்தியம்மாவுக்குப் போன் வைத்துக்கொள்ளும் பழக்கமே கிடையாது. சிக்னலில் ஆட்டோ நின்றது. பக்கத்து வண்டியில் ஒருத்தி மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். சீல்காரர் உடம்பையே வெளியே நீட்டி அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். அவள் முறைத்துவிட்டு முந்தானையை இழுத்து மூடினாள்.

அப்போதுதான் இன்னொரு பயம் ஏறியது. தன் பேத்தியைத் தனக்கு அடையாளம் தெரியுமா? இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறார், இரண்டு தடவையும் தூங்கிக்கொண்டிருந்தது. நாலு நாள் குழந்தை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரித்தானே இருக்கும்? ஒன்று மட்டும் ஞாபகம் இருந்தது. இடது காது. மேல்மடல் கொஞ்சம் உள்ளே மடங்கியிருக்கும், அவருக்கு இருப்பதைப் போலவே. அதைத்தான் அந்தக் கண்ணாடிக்காரனிடமும் பெருமையாகச் சொல்லித் தொலைத்திருந்தார்.

ஆஸ்பத்திரி கேட் சாத்தியிருந்தது. கேட்காரர் கூண்டுக்குள் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்கு வாங்க பெரியவரே. போர்டு இருக்குல்ல?"

"தம்பி, ஒரே நிமிஷம். பேத்தி இருக்காளான்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

"இல்லாம எங்க போவா? நாலு நாள் கொழந்த, சினிமாவுக்கா போயிருக்கும்?"

கேட்காரர் மறுபடி போனுக்குள் போய்விட்டார். எட்டிப் பார்த்தால் அதே படம். குதிரை போன லாயத்தில் காவல்காரன் காலித் தூணைக் கட்டிக்கொண்டு அழுகிற இடம். "எவ்வளவு பெரிய மடையனா இருந்தா சீட்ட மட்டும் பாத்துட்டுக் குதிரைய விடுவான்!" என்று கேட்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

சீல்காரர் கேட்டுக்கு வெளியே கல்மேல் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் துணிச்சுருளோடு வந்தாள், கூட ஓர் ஆள். சீட்டை நீட்டினார்கள். கேட்காரர் படத்திலிருந்து ஒரு கண்ணை மட்டும் எடுத்துச் சீட்டைப் பார்த்தார், சீட்டுகளைக் கோத்து வைக்கிற கம்பியில் குத்தினார், கேட்டைத் திறந்தார். சீல்காரர் பாய்ந்து போய்க் குழந்தையின் இடது காதைப் பார்த்தார். மடங்கவில்லை. அந்த ஆள், "என்ன பெரியவரே, என்ன வேணும்?" என்று அதட்டினான். "ஒண்ணுமில்ல தம்பி, அழகான கொழந்த," என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கினார். நாலு நாளைக்கு முன்னால் இப்படிக் குழந்தைப் பேச்சோடுதான் ஒருவன் தன்னிடம் சீல் வாங்கிப் போனான்.

உண்மையைச் சொல்ல வேண்டியதுதான். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். லெட்டர் வாங்காமல் ஆஸ்பத்திரி சீல் செய்தவனைச் சும்மா விடுவார்களா? கடைக்குப் பூட்டு, கைக்கு விலங்கு. முப்பத்து மூன்று வருடம் சேர்த்த பேர் ஒரு மத்தியானத்தில் போய்விடும். சொல்லாமல் இருந்தால்? நாலு மணிக்கு மாடி ஏறிப் பார்க்கும்போது பதினாலாம் நம்பர் கட்டிலில் மருமகள் மட்டும் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால்?

எழுந்து கூண்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, படத்த நிறுத்துங்க. அந்தக் குதிரை சீல நான்தான் செஞ்சேன்."

கேட்காரர் அண்ணாந்து பார்த்தார். "நீங்க நடிச்சீங்களா? எந்த எடத்துல வர்றீங்க?"

"குதிரை இல்ல தம்பி, கொழந்த! உங்க வார்டு சீல ஒருத்தன் என்கிட்ட வந்து செஞ்சு வாங்கிட்டுப் போயிருக்கான். லெட்டர் வாங்காம குடுத்துட்டேன். அத வச்சு எவனும் எந்தப் பிள்ளையையும் தூக்கிட்டுப் போகலாம்."

"பெரியவரே, மத்தியான வெயில்ல வந்திருக்கீங்க. கொஞ்சம் தண்ணி குடிங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாத்தான் தெரியும்."

"அந்தக் கம்பிய எடுங்க. என் கை எனக்குத் தெரியும்."

அவர் சொன்ன விதத்தில் என்ன இருந்ததோ, கேட்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கம்பியை நகர்த்தி வைத்தார். அன்றைக்கு வெளியே போன சீட்டெல்லாம் அதில் குத்தியிருந்தது. மற்ற வார்டு சீட்டுகளை ஒதுக்கியதும் தாய்சேய் வார்டுச் சீட்டு ஐந்து தேறியது. சீல்காரர் முதல் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். ஊதா வட்டம். இடதுபக்கக் கீழ்க்கோட்டில் மயிரிழை அகலத்துக்கு ஒரு வெட்டு.

"இது. இந்த வெட்டு நான் வச்சது."

இரண்டாவதையும் பார்த்தார். அதுவும். மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது, இப்போது காது மடங்காத குழந்தை போன சீட்டு. அதிலும் வெட்டு.

"அஞ்சும்," என்றார். "அஞ்சும் என் சீலு."

கேட்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஐந்து குழந்தைகளையும் அவர்தான் கேட்டைத் திறந்து அனுப்பியிருந்தார். அதில் ஒன்றுக்கு டாட்டாவும் காட்டியிருந்தார். போனில் படம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரோ எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். கேட்காரர் அதை அணைத்துப் பைக்குள் போட்டார். ஓடிப்போய்க் கேட்டை இழுத்துச் சாத்திக் கொண்டி போட்டார். கூண்டிலிருந்த போனை எடுத்து, "மேடம், கீழ வாங்க மேடம், உடனே, ஒரு அவசரம்," என்று தலைமை நர்ஸைக் கூப்பிட்டார். அவர் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டபோதுதான் சீல்காரருக்கு இது சினிமா இல்லை என்பது எலும்பில் இறங்கியது.

அதே நேரத்தில் மாடிப்படியிலிருந்து இரண்டு பெண்கள் மெல்ல இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவள் கையில் துணிச்சுருள். பின்னால் ஓர் ஆள், கையில் பை. ஒல்லி. கண்ணாடி.

அவனேதான்.

"பிடிங்க! அவன்தான்! விடாதீங்க!" என்று கத்திக்கொண்டு கம்பி இடுக்கு வழியாகச் சீல்காரர் கையை உள்ளே விட்டார். "யார் கொழந்த அது? யார் வீட்டுக் கொழந்தயத் தூக்கிட்டுப் போறீங்க?"

முன்னால் வந்தவள் நின்றாள். "என்ன சம்பந்தி இது? உங்க பேத்திதான். வேற யார் வீட்டுப் பிள்ளைய நான் தூக்கப் போறேன்?"

சம்பந்தியம்மா. பின்னால் மருமகள், வெளுத்த முகத்தோடு. சீல்காரருக்கு அவர்கள் முகமே இத்தனை நேரம் தெரியவில்லை. சுருளும் கண்ணாடியும்தான் தெரிந்தன.

"இன்னைக்கே போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க மாமா," என்றாள் மருமகள். "என் போன்ல சார்ஜ் இல்ல. அவர் கார் கூட்டிட்டு வரப் போயிருக்கார். வண்டியில போகும்போது அவருக்கு மணி அடிச்சாக் கேக்காது. உங்களுக்கெல்லாம் சொல்லாம திடீர்னு வந்து நிக்கலாம்னு பாத்தோம்."

கண்ணாடிக்காரன் பையைக் கீழே வைத்துவிட்டு எச்சிலை விழுங்கினான். அவன் வார்டு குமாஸ்தா. மெய்யான குமாஸ்தா. "சார், நான் லெட்டர் வாங்கிட்டு வரணும்னுதான் இருந்தேன். பழைய சீல் தரை கழுவுற மருந்து வாளிக்குள்ள விழுந்து ஊதிப் போச்சு. மேடத்துக்குத் தெரிஞ்சா என்னைய உரிச்சிடுவாங்க. அதான் அவங்ககிட்ட சொல்லாமலே... நீங்க அன்னைக்கு மிட்டாய் குடுத்தீங்கல்ல, அந்த நெனப்புலதான் பதினாலாம் நம்பர் சீட்ட இன்னைக்கு மொதல்ல எழுதினேன். பையும் தூக்கிட்டு வந்தேன்."

சீல்காரர் கம்பியைப் பிடித்தபடியே அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது, ஆனால் வந்த இடத்தில் உட்கார மாட்டேன் என்றது. "தம்பி, கேட்டத் தொறங்க. நம்ம ஆளுங்கதான்."

"எப்படித் தொறக்கிறது?" என்றார் கேட்காரர், மருமகள் நீட்டிய சீட்டைப் பார்த்தபடி.

"என்ன?"

"இந்தச் சீட்டுலயும் உங்க வெட்டு இருக்கு. இந்தச் சீலு செல்லாதுன்னு சொன்னது நீங்கதானே? செல்லாத சீட்டுக்கு நான் எப்படி விடுறது? நான் என்ன அந்தப் படத்துக் காவக்காரனா?"

"ஐயா, அது என் பேத்தி!"

"இருக்கலாம். அந்தக் குதிரையும் யாரோ ஒருத்தரோடதுதான்."

அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பயம். குமாஸ்தாவுக்கு மேடம். கேட்காரருக்கு வேலை. சம்பந்தியம்மாவுக்கு, இந்த மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்கிற பயம். கேட்டுக்கு அந்தப் பக்கம் பேத்தி, இந்தப் பக்கம் தாத்தா. இடையில் தாத்தாவே பூட்ட வைத்த பூட்டு.

தலைமை நர்ஸ் வந்தார். எல்லாம் கேட்டார். குமாஸ்தாவைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டங்குலம் குள்ளமானான். அப்புறம் சீல்காரர் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு சீட்டுலயும் உங்க சீல்தான்னு கண்டுபிடிச்சீங்களே. பழைய சீல் ஒண்ணுலகூட இல்லையே, அப்ப வார்டுலயே இதத்தான் குத்துறாங்கன்னு யோசிச்சீங்களா?"

"பயத்துல யோசன எங்கம்மா வரும்?"

"சந்தோஷத்துல?"

திட்டியிருந்தால்கூடச் சீல்காரர் தாங்கியிருப்பார்.

தலைமை நர்ஸ் கூண்டிலேயே உட்கார்ந்து, தாய்சேய் வார்டுக்குச் சீல் தேவை என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குத் தேதியையே போட்டார். "நாலு நாள் முன்தேதி போடமாட்டேன். லெட்டர் பிந்தி வந்ததுன்னே உங்க நோட்டுல இருக்கட்டும்," என்றார். பிறகு ஆறு சீட்டிலும் சீலுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் வைத்தார். கேட் திறந்தது.

சம்பந்தியம்மா குழந்தையை நீட்டினாள். சீல்காரர் உடனே வாங்கவில்லை. முதலில் துணியை விலக்கி இடது காதைப் பார்த்தார். மடங்கியிருந்தது. காலில் கட்டியிருந்த நம்பரைப் பார்த்தார். பதினாலு. அப்புறம் மறுபடியும் காதைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் வாங்கினார். வாங்கியவர், மகன் கொண்டுவந்த கார் வீடு வந்து சேரும்வரை யாரிடமும் கொடுக்கவில்லை.

வீட்டு வாசலில் அவர் மனைவி பேத்தியைப் பார்த்துப் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்தது. அந்தச் சந்தடியில் அவர் எதற்கு ஓடினார் என்று யாரும் கேட்கவில்லை. சம்பந்தியம்மா மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, "சம்பந்தி, ஒரு தடவ தலைக்கு ஏதாவது பாத்துக்கங்க," என்றாள். அப்புறம் ஒரு வாரத்தில் விஷயம் முழுக்கத் தெரிந்து, மச்சினன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்று, "மாமா, உள்ள வரலாமா? லெட்டர் இல்ல, டிக்கெட்தான் இருக்கு," என்பான்.

ஆனால் பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இப்போது பேத்திக்கு ஐந்து மாதம். குப்புற விழுகிறாள், ஆளைப் பார்த்துச் சிரிக்கிறாள். தெருவில் யாராவது, "அடடே, உங்க ஜாடையா?" என்று கேட்டால் போதும், சீல்காரர் குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு, "நீங்க யாரு?" என்பார். அவர்கள் இருபது வருடப் பழக்கமாக இருந்தாலும் கேட்பார்.

இன்று காலையில் டிவியில் அந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். அவர் மனைவி கூப்பிட்டாள். வந்து உட்கார்ந்தார், மடியில் பேத்தி. கடைக்காரன் மிட்டாய் கொடுத்து அனுப்பினான், குதிரை போயிற்று, குழந்தை குதிரையைப் பார்த்துப் பொக்கை வாயால் கெக்கெக்கென்று சிரித்தது. வீடே சேர்ந்து சிரித்தது. குடை விரிந்து கம்பி தெரிகிறவரை சீல்காரர் பார்த்தார். படம் முடிந்ததும் மனைவியிடம் சொன்னார்:

"ஏண்டி, குதிரை கெடச்சுது, காவக்காரனுக்கு வேலையும் திரும்பக் கெடச்சுது. அந்த சீல் கடைக்காரன் மட்டும் அதுக்கப்புறம் படத்துல வரவே இல்ல பாத்தியா? அவன் அன்னைக்கு வீட்டுக்குப் போயி ஒரு வாய் சோறு தின்னானா இல்லையான்னு ஒருத்தனாவது காட்டியிருக்கலாம்ல?"